ஆண்டுக் கணக்கை விட்டு மாதக் கணக்குக்கு வாருங்கள்: தெற்காசிய எரிசக்தி ஆய்வாளர்களுக்குக் கடைமடையிலிருந்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: இந்தியா, இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம் ஆகிய நாடுகளுக்கிடையிலான மின் பரிமாற்றம் குறித்தும் தூய எரிசக்திக்கு மாறுவது குறித்தும் அரசுகளுக்கு ஆய்வறிக்கை எழுதித் தரும் ஆய்வாளர்கள், அவர்களுக்கு நிதி நல்கும் அமைப்புகள்.

மதிப்பிற்குரிய ஆய்வாளர் பெருமக்களுக்கு, வணக்கம்.

நான் நாகப்பட்டினம் மாவட்டம் வேதாரண்யம் வட்டத்தில், காவிரிப் பாசனத்தின் கடைமடையில் (வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில்), ஐந்து ஏக்கர் நஞ்சை வைத்திருக்கும் விவசாயி. எங்கள் ஊர்ப் பாசன சங்கத்துக்குக் கணக்கு எழுதுவதும் நான்தான். சில மாதங்களுக்கு முன்பு தஞ்சாவூரில் ஓர் ஆய்வு அமைப்பு நடத்திய கருத்தரங்குக்கு விவசாயிகள் தரப்பிலிருந்து எங்கள் சங்கத்தையும் அழைத்திருந்தார்கள். திரையில் ஒரு வரைபடம் காட்டினார்கள். இமயமலை அடிவாரத்திலிருந்து தெற்கு நோக்கி அம்புக்குறிகள் வந்தன. மதுரையிலிருந்து கடலைத் தாண்டி இலங்கையின் அநுராதபுரத்துக்கு ஒரு தடித்த கோடு போனது. எங்கள் டெல்டா முழுவதற்கும் ஒரே வெளிர்பச்சை நிறம் பூசியிருந்தார்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் கீழே ஆண்டுக்கு இத்தனை கோடி யூனிட் என்று ஓர் எண் இருந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து, "இந்தக் கோட்டில் எந்த மாதம் எந்தப் பக்கம் கரண்டு ஓடும்?" என்று கேட்டேன். ஆண்டுச் சராசரியில் இரண்டு தரப்புக்கும் லாபம் என்று பதில் சொல்லிவிட்டு அடுத்தவரிடம் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். அவரைக் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை. அந்தப் பதிலில் எங்களுக்கு நூறாண்டுக்கு மேலாகப் பழக்கமான ஒரு தவறு இருந்தது, அதைத்தான் எழுதுகிறேன்.

அண்டை வீட்டோடு பங்கிட்டு வாழ்வது காவிரிக்காரர்களுக்குப் புதிதல்ல. 1892, 1924 ஒப்பந்தங்கள், 1990-இல் அமைந்த நடுவர் மன்றம், 1991-இன் இடைக்கால ஆணை, 2007-இன் இறுதித் தீர்ப்பு, ஆண்டுக்குக் கர்நாடகம் விட வேண்டியது என்று 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) என்று எல்லாவற்றையும் தேதி பிசகாமல் சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊர் டீக்கடையில் உண்டு. ஆனால் அவர்களில் ஒருவர்கூட 177.25 என்ற எண்ணை நம்பி நாற்று விட்டதில்லை. அவர்கள் பார்ப்பதெல்லாம் ஜூனுக்கு 9.19, ஜூலைக்கு 31.24, ஆகஸ்டுக்கு 45.95 என்று மாநில எல்லையில் உள்ள பில்லிகுண்டுலுவில் அளந்து விட வேண்டிய மாதக் கணக்கைத்தான். ஜூனில் வராத தண்ணீர் அக்டோபரில் வெள்ளமாக வந்து, ஆண்டு முடிவில் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாயிற்று என்று ஏட்டில் எழுதப்பட்டால், ஏடு நேராகிவிடும். போன குறுவைப் பயிர் போனதுதான்.

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. என் நோட்டில் 2022-க்கு மே 24 என்று இருக்கிறது, 2023-க்கு ஜூன் 12, 2024-க்கு ஜூலை 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து பிரிந்து, வெண்ணாற்றில் இறங்கி, ஒவ்வொரு மதகிலும் தலைமடைக்காரர் எடுத்தது போக, எங்கள் வாய்க்காலின் கடைசி மடைக்கு வர மூன்று வாரம் ஆன ஆண்டும் உண்டு. தண்ணீர் குறைந்தால் முறை வைத்து விடுவார்கள். அப்போது மதகு திறந்து மூடும் பாசனப் பணியாளரான லஸ்கர் பலகையைத் தூக்குகிற நேரம் எது, இறக்குகிற நேரம் எது என்பதுதான் எங்களுக்கு முழுச் செய்தி. அணையில் நீர்மட்டம் எத்தனை அடி என்பது அன்றாடம் செய்தித்தாளில் வருகிறது. எங்கள் மடையில் எத்தனை அங்குலம் என்பது எந்தச் செய்தித்தாளிலும் வருவதில்லை.

மின்சாரத்தைப் பங்கிடும் உங்கள் ஆய்வுகளை இந்தக் கண்ணோடுதான் படிக்கிறேன். அந்தக் கண்ணுக்கு நேபாளம், இந்தியா, வங்கதேசம் மூன்றும் 2024 அக்டோபர் 3 அன்று காத்மாண்டுவில் கையெழுத்திட்ட உடன்படிக்கை மிகவும் பிடித்திருக்கிறது. நேபாளத்தின் 40 மெகாவாட் நீர்மின்சாரம் இந்தியாவின் கம்பிகள் வழியே வங்கதேசத்துக்குப் போகும். ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை மட்டும் போகும். 40 மெகாவாட் பெரிய அளவு இல்லை என்று அன்று பலர் எழுதினார்கள். அளவு சிறியதுதான். ஆனால் எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் நிற்கும் என்று அது சொல்கிறது. நேபாளத்தின் ஆறுகள் மழைக்காலத்தில் பெருகி, குளிர்காலத்தில் வற்றி, அந்த நாடே இந்தியாவிடமிருந்து மின்சாரம் வாங்க வேண்டியிருக்கும் என்ற உண்மையை மறைக்காமல் தேதியாகவே எழுதி வைத்திருக்கிறது. 2014 நவம்பரில் தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க் நாடுகள் கையெழுத்திட்ட மின்துறைக் கட்டமைப்பு உடன்படிக்கையையும், 2018 ஆகஸ்டில் வங்கக்கடலைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பான பிம்ஸ்டெக் நாடுகள் கையெழுத்திட்ட மின்தொகுப்பு இணைப்புப் புரிந்துணர்வையும் நான் குறைத்துச் சொல்லவில்லை, அவை வாசல். ஆனால் வயலுக்குப் போவது வாசலில் நிற்கிற தண்ணீர் இல்லை.

இனி, அந்தத் தடித்த கோட்டுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் இருக்கின்றன. அவை ஓடுவது ஆனி, ஆடி, ஆவணியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் ஆரல்வாய்மொழி வழியாகவும் தென்மேற்குக் காற்று புகுந்து வரும் மாதங்களில். கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரிலும் புத்தளத்திலும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் பெரும்பாலும் அதே தென்மேற்குக் காற்றுதான். நேபாளத்திலும் பூட்டானிலும் ஆறு பெருகுவதும் ஏறத்தாழ அதே மாதங்களில்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எல்லார் வீட்டு அம்மியும் ஒரே நேரத்தில் பறந்தால் யார் யாருக்கு அம்மி கொடுப்பது? ஐப்பசி வந்து காற்று ஓய்ந்து, வானம் மூடிக்கொண்டு, சூரியத் தகடுகளும் சோம்பிப்போகிற நாட்களில் கடலுக்கு இரு கரையிலும் மின்சாரம் ஒருசேரக் குறையுமா, அல்லது வாடைக்காற்று மன்னாருக்குத் தருவது நமக்கும் கொஞ்சம் உதவுமா? எனக்குத் தெரிந்து இந்தக் கேள்விக்குத்தான் ஆய்வு வேண்டும். தமிழ்நாடு காற்று மிகுந்த மாதங்களில் வட மாநிலங்களுக்கு மின்சாரம் கொடுத்துவிட்டுக் கோடையில் திரும்பப் பெறும் ஏற்பாட்டைச் செய்து வந்திருக்கிறது. அது களத்தில் நெல் மிகுந்தபோது கைமாற்றுக் கொடுத்து, விதைப்பில் வாங்கிக்கொள்வது போல. இலங்கையோடு அப்படிக் கைமாற்று செய்ய வேண்டுமானால், அவர்களுக்குக் குறையும் மாதமும் நமக்கு மிகும் மாதமும் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். 2025 ஏப்ரலில் இரு நாடுகளும் உயர் அழுத்த நேர்மின் இணைப்புக்கான புரிந்துணர்வில் கையெழுத்திட்டுவிட்ட நிலையில், அந்தப் பார்வை தள்ளிப்போகக் கூடாது.

மாதக் கணக்கோடும் நின்றுவிட முடியாது, மணிக்கணக்கும் வேண்டும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 2022 மார்ச் இறுதியில் டீசல் வாங்கப் பணமில்லாமல் அங்கே ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. மூன்றாண்டு கழித்து, 2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நண்பகல், பாணந்துறைத் துணைமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் தீவு முழுவதும் இருண்டது. எல்லாரும் குரங்கைப் பார்த்துச் சிரித்தோம். ஆனால் அது ஞாயிறு நண்பகல் என்பதை எங்களில் பலர் கவனிக்கவில்லை. ஆலைகள் மூடியிருக்க, கூரைச் சூரியத் தகடுகள் முழு வீச்சில் தர, கனமாகச் சுழலும் பெரிய எந்திரங்கள் குறைவாக ஓட, ஓர் அதிர்ச்சியைத் தாங்கும் பலம் மின்தொகுப்புக்கு இல்லாமல் போயிற்று. அந்த ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது கூரைத் தகடுகளைப் பகலில் அணைத்து வைக்கும்படி அங்கே வேண்டுகோள் விடுத்தார்கள். பற்றாக்குறையில் ஒருமுறை இருட்டு, மிகுதியில் ஒருமுறை இருட்டு. அறுவடைக்கு நிற்கும் சம்பாவில் தையில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று தெரிந்த எங்களுக்கு இது எளிதில் விளங்கும்; ஆண்டுச் சராசரிக்கு மட்டும் விளங்காது.

கோடியக்கரையிலிருந்து யாழ்ப்பாணத்துக் கரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் போகத் தொடங்கியது, பிறகு நின்றது, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அதில் வந்து வேளாங்கண்ணிக்குப் போய்க்கொண்டிருந்த, யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவுப் பெரியவர் ஒருவரோடு பஸ்ஸில் பேசிக்கொண்டு போனேன். அவருடைய தீவுக்கு மின்சாரம் டீசல் எந்திரத்திலிருந்துதான். "டீசல் வள்ளத்தில வரும் ஐயா. கடல் அடிச்சா வள்ளம் வராது, வள்ளம் வராட்டிக் கரண்டும் இல்லை" என்றார். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியன், காற்று, மின்கலம், டீசல் சேர்ந்த கலப்பு மின்திட்டத்தை முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள், இந்தியா ஆட்சேபித்தது, பிறகு இந்தியாவின் 1.1 கோடி டாலர் கொடையில் செய்வதாக முடிவாயிற்று. இந்த மாற்றத்தைப் பற்றிப் புவிசார் அரசியல் கட்டுரைகள் நிறையப் படித்தேன். அந்த மூன்று தீவுகளிலும் ஓர் ஐஸ்பெட்டி எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பிடித்த மீனில் எவ்வளவு கெடாமல் கரை சேர்கிறது என்று அளந்த ஓர் ஆய்வு என் கண்ணில் படவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்துக் கடைமடை அதுதான்.

இந்தப் பக்கத்துக் கடைமடைக்கு வருகிறேன். எங்கள் ஊரில் நிலத்தடி நீர் உப்பு. போர் போட்டால் வருவது பயிருக்கு ஆகாது. ஆகவே 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் கிடைக்கும் இலவச மின்சாரம் எங்களில் பெரும்பாலோருக்குக் காகிதத்தில் இருக்கும் உரிமை. கும்பகோணம் பக்கத்தில் என் மைத்துனருக்கு நல்ல தண்ணீர். அவர் மேட்டூரைப் பாராமல் மோட்டார் தண்ணீரில் மே மாதமே நாற்று விட்டுவிடுவார். ஒரே டெல்டா, ஒரே வெளிர்பச்சை. 2019-இல் தொடங்கிய ஒன்றிய அரசின் சூரிய மோட்டார்த் திட்டத்தையும் இதே உப்பில் நனைத்துப் பாருங்கள்: தண்ணீர் இருக்கிறவருக்குத்தான் மோட்டார். மானியத்தை எண்ணும் அறிக்கைகள் பம்புகளை எண்ணுகின்றன, உவர் நீரை எண்ணுவதில்லை.

அந்த மைத்துனர் வீட்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வந்த இளைஞர்கள், மாதம் எத்தனை யூனிட் ஆகிறது என்று கேட்டார்கள். நானும் அப்போது திண்ணையில் இருந்தேன். மைத்துனர் மோட்டார் கொட்டகையைத் திறந்து காட்டினார். தகர அட்டையில் ஐந்து எச்.பி. என்று எழுதியிருந்தது. அந்த மோட்டார் நான்கு முறை காயில் கட்டியது. இப்போது எவ்வளவு இழுக்கிறது என்று காயில் கட்டிய கடைக்காரருக்கே தெரியாது. சுவரில் மெயின், ஸ்டார்ட்டர், கொஞ்சம் சிலந்தி வலை. மீட்டர் இல்லை. தமிழ்நாட்டின் விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவை இப்படித்தான். பிள்ளைகள் ஐந்து எச்.பி.யை ஒரு நாளில் ஓடும் மணியால் பெருக்கி எழுதிக்கொண்டு போனார்கள். விவசாயம் இவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று உங்கள் அறிக்கையில் நான் படிக்கும் எண் அந்தப் பெருக்கலிலிருந்து பிறந்தது. அதன்மேல்தான் மாநிலத்தின் தேவை, மாநிலத்தின்மேல் தென்மண்டலத்தின் தேவை, அதன்மேல் கடல்தாண்டும் கோடு.

உடனே, மீட்டர் பொருத்தினால் என்ன என்பீர்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970-களில் தமிழ்நாட்டில் நடந்த போராட்டங்களில் துப்பாக்கிச்சூடு பட்டு விவசாயிகள் செத்திருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் மீட்டர் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த நினைவு இருக்கிறது. இன்று மீட்டர், நாளை கட்டணம் என்றுதான் காதில் விழும். ஆனால் தனித்தனிக் கொட்டகையில் வைக்காமல், பத்திருபது மோட்டார்களுக்குப் பொதுவான டிரான்ஸ்பார்மரில் ஓர் அளவி வைத்து, அதன் எண்ணைக் கிராம சபையில் மாதம் ஒருமுறை படித்துக் காட்டினால், யார் வீட்டு வாசலிலும் ஆள் வந்து நிற்காமல் உண்மைக் கணக்கு கிடைக்கும். ஆய்வாளர்கள் இதை நான்கு ஊர்களில் செய்து பார்க்கலாம். தலைமடையில் இரண்டு, கடைமடையில் இரண்டு ஊர் எடுத்துக்கொள்ளுங்கள். அரசு செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

நிலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. மீத்தேன் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராக நடந்து, 2013 டிசம்பரில் அந்தப் பயணத்திலேயே உயிர்விட்ட இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வாரின் பெயரைச் சொல்லாமல் இங்கே யாரும் அந்தச் சட்டத்தைப் பேசமாட்டார்கள். அப்படியிருந்தும் 2023 ஏப்ரலில், ஒரத்தநாடு பக்கத்து வடசேரி உட்பட மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பதை எதிர்ப்புக்குப் பிறகுதான் நீக்கினார்கள். சூரிய மின் பூங்காக்கள் அந்தச் சட்டத்தின் தடைப் பட்டியலில் இல்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. நெல் கொள்முதல் நிலையங்களின் கூரையும் கிடங்குகளின் கூரையும் சும்மா வெயில் காய்கின்றன. என் கவலை உங்கள் வரைபடங்களில் தரிசு என்று குறிக்கப்படும் நிலம் பற்றியது. சம்பா அறுத்து, உளுந்தும் பயறும் எடுத்து, சித்திரை வைகாசியில் எங்கள் வயல் வெடித்துக் கிடக்கும். அந்த மாதம் எடுத்த செயற்கைக்கோள் படத்தில் அது தரிசுதான். கோடியக்காட்டுச் சதுப்பும் அப்படித்தான் வெறுமையாகத் தெரியும். 2002 முதல் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக) இருக்கும் அந்த வெறுமைக்குக் கார்த்திகையில் பூநாரைகள் வந்து இறங்கும். படத்தில் மீன் காயப்போடும் மணல்மேட்டுக்குச் சொந்தக்காரர் யாரும் தெரியமாட்டார்கள். ஒரு நிலத்தைத் தரிசு என்று எழுதுமுன் பன்னிரண்டு மாதப் படத்தையும் பார்க்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியற்காலையில் எங்கள் கரையில்தான் ஏறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்டு வர வாரக்கணக்கில் ஆயிற்று. குடிநீர்த் தொட்டிக்கு ஏற்ற வாடகை ஜெனரேட்டர் ஒன்று முறைபோட்டு ஊர் ஊராகப் போனது. அது வந்த அன்று குடத்தோடு நிற்பவர்களும் செல்போனோடு நிற்பவர்களும் ஒரே வரிசையில் நின்றோம். வெளிமாநிலங்களிலிருந்துகூட லைன்மேன்கள் வந்து இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டார்கள். அவர்களுக்குச் சோறு போட்ட வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. நாடுகளுக்கிடையே கம்பி இழுக்கும் செலவைக் கணக்கிடும் அறிக்கைகளில், அந்தக் கம்பியின் கடைசி முனையில் இருக்கும் கம்பம் புயலில் எத்தனை நாள் படுத்துக் கிடக்கும் என்பதற்கும் ஒரு வரி இருக்க வேண்டும். நாகையிலும் பருத்தித்துறையிலும் வங்கதேசத்தின் கடலோரத்திலும் கரையேறுவது ஒரே வங்கக்கடல் புயல்கள்தான். கம்பங்கள், டிரான்ஸ்பார்மர்கள், லைன்மேன்கள் ஆகியவற்றை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஓர் ஏற்பாடு செய்யலாமா என்ற ஆய்வு, மெகாவாட்டைப் பகிரும் ஆய்வை விட விரைவில் பலன் தரக்கூடும் என்பது என் எண்ணம்.

இவற்றையெல்லாம் எழுதி முடிக்கும்போது மொழியின் நினைவு வருகிறது. மதுரைக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே போகும் கம்பி தமிழ் பேசும் மண்ணில் தொடங்கி, தமிழ் பேசும் மண்ணைக் கடந்துதான் போக வேண்டும். அதைப் பற்றிய எந்த அறிக்கையையும் நான் தமிழில் படித்ததில்லை. என் பேத்தி செல்போனில் ஆங்கிலத்தைப் படித்துப் பொருள் சொல்லித்தான் இவ்வளவும் தெரிந்துகொண்டேன். சுருக்கத்தையாவது தமிழிலும் சிங்களத்திலும் வங்காளியிலும் நேபாளியிலும் வெளியிடுங்கள்; வெளியிடுமுன், மாதவாரி அட்டவணையை முதல் பக்கத்தில் வையுங்கள்.

மேட்டூர் ஜூன் 12 அன்று திறந்தால் தண்ணீர் எங்கள் கடைசி மதகுக்கு ஜூலை முதல் வாரம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். அந்த வாரம் ஒருமுறையும், ஐப்பசி அடைமழையில் ஒருமுறையும் உங்களில் யாராவது வாருங்கள். 2009-இலிருந்து தண்ணீர் வந்த தேதியும், கரண்டு போய் வந்த நேரமும் எழுதிய நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. கஜாவில் நனைந்த இரண்டு மட்டும் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும், மெதுவாகப் பிரிக்க வேண்டும். ஐப்பசியில் வருவதானால் வண்டியை மெயின் ரோட்டிலேயே நிறுத்திவிடுங்கள். வாய்க்கால் கரை அப்போது கார் தாங்காது.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
வேதாரண்யம் வட்டம்.